மீன் சாகிற தண்ணி பாசனத்துக்கு ஏற்றதாம்!



விடியற்காலையில் மடை திறக்கப் போகிறவர்களுக்கு ஓடையின் நிலைமை நன்றாகத் தெரியும். கெண்டை மீன் வாயைத் தண்ணிக்கு மேல நீட்டி மூச்சுக்குத் தவிக்குது. கரையோரம் வெள்ளை வயித்தைக் காட்டி மிதக்குது. ஒரு பக்கம் நுரை, ஒரு பக்கம் எண்ணெய்ப் படலம். வெயில் ஏறினதும் காக்காயும் கொக்கும் நாயும் வந்து தடயத்தைத் தின்னுட்டுப் போயிடுது. பன்னிரண்டு மணிக்கு ஜீப் வருது. ஒரு பாட்டில் தண்ணி எடுக்கிறாங்க, போயிடுறாங்க. மாசக்கணக்கில் நடையா நடந்து கேட்டா, அதிகாரி ஒருவர் ஒரே வரியில் பதில் சொல்கிறார்: "தண்ணீர் பாசனத்துக்கு ஏற்றது."

மீன் சாகிற தண்ணி எப்படி ஐயா பாசனத்துக்கு ஏற்றதாகும்? அந்தத் தண்ணியில் முட்டிக்கால் அளவு நின்று நாற்று நடுகிற நம் பெண்கள் மீனை விடக் கேவலமா? அதைக் குடிக்கிற மாடு கேவலமா? அதில் விளைந்த நெல்லைத் தின்கிற நம் பிள்ளைகள் கேவலமா?

அந்த ஒரு வரிக்குப் பதில்தான் இந்தத் துண்டறிக்கை. பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

நம் தண்ணி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது?

ஆரணி ஆறு ஆந்திரத்தில் பிறந்து, பிச்சாட்டூர் அணை தாண்டி, சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், ஆரணி வழியாக நம் பொன்னேரிக்கு வந்து, பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. தெற்கே கொசஸ்தலை ஆறு பூண்டியிலிருந்து வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கடல் சேர்கிறது. இந்த ரெண்டு ஆத்துக்கும் வடக்கே கும்மிடிப்பூண்டி. அங்கே இரும்பு உருக்கும் ஆலை, ஈயம் உருக்கும் ஆலை, ரசாயன ஆலை எல்லாம் உண்டு. இடையிலே நூத்துக்கணக்கில் ஓடை, வரவுக்கால், ஏரி, கலங்கல். ஒரு ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு வழியும். நம் முன்னோர் அப்படித்தான் கட்டி வைத்தார்கள். அதனாலேயே ஒரு ஏரியில் விழுந்த விஷம் அடுத்த ஏரிக்கும் வழிகிறது. கடைசியில் போய்ச் சேருகிற பழவேற்காடு, நாட்டிலேயே சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி. அங்கே மீனவர்களும், கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் மக்களும் காத்திருக்கிறார்கள். நம் தலையில் விழுவது நாளைக்கு அவர்கள் வயிற்றில் விழும்.

"பாசனத்துக்கு ஏற்றது" என்ற வார்த்தையின் சூது

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தண்ணீரை ஐந்து வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஏ வகுப்பு, கிருமி நீக்கினால் மட்டும் போதும், குடிக்கலாம். பி வகுப்பு, குளிக்கலாம். சி வகுப்பு, முறையாகச் சுத்திகரித்துக் குடிக்கலாம். டி வகுப்பு, மீனும் மற்ற உயிரினங்களும் வாழலாம். கடைசியாக ஈ வகுப்பு, பாசனம், தொழிற்சாலைக் குளிரூட்டல் போன்றவற்றுக்கு.

பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு மாதிரி, நமக்குக் கடைசி வகுப்பு!

டி வகுப்பில் என்ன பார்க்கிறார்கள்? தண்ணியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது இருக்கணும். தனி அம்மோனியா 1.2 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பி.எச். 6.5-லிருந்து 8.5-க்குள் இருக்கணும்.

ஈ வகுப்பில் என்ன பார்க்கிறார்கள்? பி.எச். 6-லிருந்து 8.5 வரை. உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் 2,250 வரை. சோடியம் விகிதம் 26 வரை. போரான் 2 மில்லிகிராம் வரை. அவ்வளவுதான்.

நல்லாக் கவனியுங்கள். ஈ வகுப்பில் ஆக்சிஜன் என்ற பேச்சே கிடையாது. அம்மோனியா கிடையாது. ஈயம் கிடையாது, குரோமியம் கிடையாது, காட்மியம் கிடையாது. ஒரு மீன் கூட உயிர் வாழ முடியாத தண்ணி, ஒரு தவளை கூட முட்டையிடாத தண்ணி, இந்தச் சோதனையில் முதல் வகுப்பில் பாஸாகிவிடும்! "பாசனத்துக்கு ஏற்றது" என்றால் பயிர் உப்பில் கருகாது என்று மட்டும்தான் அர்த்தம். தண்ணி நல்லாயிருக்கு என்று அர்த்தம் கிடையாது. இந்த வித்தியாசத்தை நமக்குச் சொல்லாமல் மறைப்பதுதான் சூது.

இன்னொரு அநியாயத்தையும் பாருங்கள். ஆலைக் கழிவு நீருக்கு மத்திய அரசு போட்டிருக்கிற பொது அட்டவணையில், ஆற்றிலோ ஓடையிலோ விட்டால் ஈயம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. அதே கழிவைப் பாசனம் என்று சொல்லி நிலத்தில் பாய்ச்சினால்? அந்தக் கட்டத்தில் ஈயத்துக்கு வரம்பே போடவில்லை, வெறும் கோடு! அழுகும் கழிவைக் காட்டுகிற பி.ஓ.டி. ஆற்றுக்கு 30 என்றால் நிலத்துக்கு 100. விவசாயியின் நிலம் என்ன, குப்பைத் தொட்டியா?

பகல் பன்னிரண்டு மணிப் பாட்டில்

தண்ணி ஒரு நாளைக்குள்ளேயே மாறும். சாக்கடையும் கழிவும் சேர்ந்து பச்சைப் பாசி பிடித்த ஓடையில், வெயில் நேரத்தில் பாசி ஆக்சிஜனை வெளியே விடும். ராத்திரி முழுக்க அதே பாசியும் அழுகும் கழிவும் ஆக்சிஜனைக் குடித்துத் தீர்க்கும். அதனால் பொழுது விடிவதற்குச் சற்று முன்னால்தான் தண்ணியில் மூச்சு ரொம்பக் குறைந்திருக்கும். மீன் விடிகாலையில் சாவதற்கு ஒரு முக்கியக் காரணம் இது. நம்மூர்ச் சூட்டில், 30 டிகிரியில், எவ்வளவு சுத்தமான தண்ணியாக இருந்தாலும் தானாகக் கரைகிற ஆக்சிஜன் லிட்டருக்கு ஏறக்குறைய ஏழரை மில்லிகிராம்தான். அதில் பாதி போனாலே மீனுக்கு ஆபத்து.

அப்படியிருக்க, பகல் பன்னிரண்டு மணிக்குப் பாட்டில் பிடித்து "ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கு" என்று எழுதினால், ராத்திரி நடந்த கொலைக்குப் பகலில் நற்சான்று கொடுத்த மாதிரி. ஆக்சிஜனைப் பாட்டிலில் அடைத்து ஊர் ஊராகத் தூக்கிப் போய் அளக்கவும் முடியாது. கரையிலேயே மீட்டர் போட்டுப் பார்க்கணும், இல்லை கரையிலேயே மருந்து ஊற்றி நிலைப்படுத்தணும். இது நாம் கண்டுபிடித்த புது விஷயம் கிடையாது. ஹங்கேரி நாட்டு வேதியியலாளர் விங்க்ளர் 1888-லேயே அந்த முறையைச் சொல்லிவிட்டார். நமக்குத்தான் இன்னும் பகல் வெயில் பாட்டில்!

"ஆரணி ஆறு மாசுப் பட்டியலில் இல்லையே!"

இந்தக் கேள்வியும் வரும். நாட்டில் கெட்டுப்போன ஆற்றுப் பகுதிகள் என்று மத்திய வாரியம் 2018-ல் போட்ட பட்டியலில் தமிழ்நாட்டு ஆறுகள் 6. 2022-ல் போட்ட பட்டியலில் 10. அதில் கூவம் இருக்கிறது, அடையாறு இருக்கிறது, பாலாறு இருக்கிறது. ஆரணி ஆறு இல்லை, கொசஸ்தலை இல்லை. ஆகவே நம் தண்ணி சுத்தம் என்று முடிவு கட்டலாமா?

முடியாது. அந்தப் பட்டியல் பி.ஓ.டி. என்ற ஒரே அளவை வைத்துப் போட்டது. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போனால் பட்டியலில் வரும். சாக்கடை, சர்க்கரை ஆலை, காகித ஆலைக் கழிவு மாதிரி அழுகுகிற கழிவை அது நல்லாக் காட்டும். ஈயத்தைக் காட்டாது, குரோமியத்தைக் காட்டாது. அதற்கு மேலே ஒரு கூத்து உண்டு. அந்தச் சோதனை, கழிவைத் தின்கிற நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜன் குடிக்கின்றன என்று பார்க்கிற சோதனை. தண்ணியில் விஷம் அதிகமாக இருந்து அந்த நுண்ணுயிர்களே செத்துப்போனால், யார் குடிப்பது? அளவு குறைவாக வரும்! அதாவது விஷத் தண்ணிக்குச் சுத்தத் தண்ணி என்று மார்க் விழும். அளந்த இடம்தான் பட்டியலில் வரும். அதுவும் அளந்த விஷயத்தை வைத்துத்தான் வரும். பட்டியலில் பேர் இல்லை என்பது சுத்தத்துக்குச் சாட்சி கிடையாது.

சேற்றில் புதைந்த கணக்கு

உலோகங்கள் தண்ணியில் ரொம்ப நாள் மிதக்காது. வண்டலில் ஒட்டிக்கொண்டு அடியில் இறங்கிவிடும். மேல் தண்ணியை மொண்டு பார்த்தால் "கண்டறியப்படவில்லை" என்று வரும். அடிச் சேற்றில் வருஷக்கணக்கில் குவிந்து கிடக்கும். சேற்றில் வாழ்கிற நத்தை, மட்டி, நண்டு உடம்பில் அது ஏறும். வெள்ளம் வந்தால் அதே வண்டல் கலங்கி வயலில் படியும். கோடையில் ஏரி வண்டலை உரம் என்று வண்டி வண்டியாக நாமே அள்ளிக் கொண்டு போய்க் கொட்டுகிறோமே, அதில் என்ன இருக்கிறது என்று நமக்கு எவனாவது சோதித்துச் சொன்னானா?

வயலுக்குள் உலோகம் போனால் என்ன ஆகும் என்பதை ஜப்பான் நாட்டு விவசாயிகள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். தோயாமா மாவட்டத்தில் ஜின்சு என்ற ஆறு. மேலே துத்தநாகச் சுரங்கம். அதன் கழிவில் இருந்த காட்மியம் ஆற்றுக்கு வந்து, வாய்க்கால் வழியாக நெல் வயலுக்கு வந்து, அரிசி வழியாக மனிதர் எலும்புக்குப் போனது. எலும்பு நொறுங்கி, வலி தாங்காமல் கதறினார்கள். ஜப்பான் மொழியில் அந்த நோய்க்குப் பேரே "வலிக்குது, வலிக்குது" என்றுதான். 1968-ல்தான் அரசு அதைத் தொழிற்சாலை மாசினால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட்டு 1971-லும், மேல்முறையீட்டில் 1972-லும் ஜெயித்தார்கள். கெட்டுப்போன வயல் மண்ணைச் சரி செய்யும் வேலை 2012 வரை நடந்தது. அந்த வயல்களுக்குப் பாய்ந்ததும் பாசனத் தண்ணிதான்!

சட்டமே மீனைத்தான் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறது

"மீன் சாகிறதெல்லாம் சோதனையா? விஞ்ஞானமாப் பேசுங்கய்யா" என்று நம்மைக் கிண்டல் பண்ணுகிறவர்கள் இதைப் படிக்கட்டும்.

சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில், ஆலைக் கழிவு நீருக்கான பொது அளவுகளில் ஒரு வரி இருக்கிறது. ஆலை வெளியே விடும் கழிவு நீரில், வேறு தண்ணி ஒரு சொட்டுக்கூடக் கலக்காமல், மீன்களை விட வேண்டும். 96 மணி நேரம் கழித்து 90 சதவீத மீன்கள் உயிரோடு இருக்க வேண்டும். அதாவது 100 மீன் விட்டால் நாலு நாள் கழித்து 90 மீன் நீந்தணும். ஓடையில் விடுகிற கழிவுக்கும் இதே விதி, நிலத்தில் பாய்ச்சுகிற கழிவுக்கும் இதே விதி. 1993-லிருந்து அரசிதழில் இருக்கிற சட்டம் இது!

ஆலையின் கழிவு நீரிலேயே மீன் பிழைக்கணும் என்று சட்டம் சொல்லுது. ஓடைத் தண்ணி எல்லாம் கலந்து நீர்த்த பிறகும் மீன் சாகுது என்றால் எங்கோ தப்பு நடக்குது என்றுதானே அர்த்தம்? எத்தனை ஆலையில் இந்த மீன் சோதனையை நடத்தினீர்கள்? எந்தத் தேதியில்? எத்தனை மீன் விட்டீர்கள், எத்தனை பிழைத்தது? நம் கேள்வி இதுதான். இதைத்தான் ஊர் ஊராகக் கேட்கப் போகிறோம்.

ஓடையைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாம்

பாட்டில் ஒரு நிமிஷத்துத் தண்ணியைக் காட்டும். ஓடையில் வாழ்கிற உயிர் பல மாசத்துக் கதையைச் சொல்லும். ராத்திரி திருட்டுத்தனமாகத் திறந்துவிட்டுக் காலையில் வால்வை மூடிவிடலாம். செத்துப்போன தும்பிக் குஞ்சைத் திரும்ப எழுப்ப முடியாது. 1900-களின் தொடக்கத்திலேயே ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எந்த உயிர் எந்தத் தண்ணியில் வாழும் என்று வகை பிரித்தார்கள். 1980 வாக்கில் பிரிட்டனில் அதற்கு மார்க் போடும் முறை வந்தது. நுணுக்கமான பூச்சிப் புழுவுக்கு 10, தும்பிக் குஞ்சுக்கு 8, பல வகை நத்தைக்கு 3, சிவப்பு ரத்தப்புழுவுக்கு 2, சாக்கடைச் சேற்றுப் புழுவுக்கு 1. நம் மத்திய வாரியமும் இதே வழியில், உயிரினங்களை வைத்துத் தண்ணியை ஐந்து தரமாகப் பிரிக்கும் முறையை வகுத்து வைத்திருக்கிறது. வைத்திருக்கிறது, ஆனால் நம் ஓடைக்கு வந்து செய்து காட்டியது யார்?

சரி, நாமே பார்ப்போம். இருளர் பெரியவர்களையும், தூண்டில் போடுகிற பையன்களையும் கூட்டிக் கொள்ளுங்கள். அவர்களை விட ஓடை தெரிந்தவர் யாரும் இல்லை.

கழிவு வந்து சேரும் இடத்துக்கு மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம், இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு இடம். மூணும் ஒரே மாதிரி ஆழம், ஒரே மாதிரி தரையாக இருக்கட்டும். நம் ஓடைகள் மணல் ஓடைகள், கல் அதிகம் கிடைக்காது. கரையோரக் கோரைப்புல், வேர்ப் பக்கம் கொசுவலைத் துணி வைத்து, காலால் கலக்கி, அஞ்சு நிமிஷம் பிடியுங்கள். வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணுங்கள்.

வாலில் ரெண்டு மூணு இழை உள்ள மெல்லிய புழு, தும்பிக் குஞ்சு, ஆத்து இறால், அயிரை, சின்னக் கெண்டை, தலைப்பிரட்டை எல்லாம் வகை வகையாக இருந்தால் ஓடைக்கு உயிர் இருக்கிறது. வகை குறைந்து, நத்தையும் அட்டையும் மட்டும் என்றால் நோய் வந்துவிட்டது. சிவப்புப் புழு மட்டும் கொத்துக் கொத்தாக நெளிந்தால் மூச்சு நின்றுகொண்டிருக்கிறது. அந்தப் புழுவின் ரத்தம் கொஞ்ச ஆக்சிஜனையும் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால்தான் அது பிழைக்கிறது. அதுவும் இல்லை என்றால் விஷம்.

ஒரு எச்சரிக்கை. "விரால் இருக்கே, ஜிலேபி இருக்கே, தண்ணி நல்லாத்தானே இருக்கு" என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். விரால், தேளி, பனையேறிக் கெண்டை, ஆப்பிரிக்கக் கெளுத்தி எல்லாம் மேலே வந்து காற்றை நேராகக் குடிக்கும் சாதி. ஜிலேபியும் மூச்சு குறைந்த தண்ணியைத் தாங்கும். அவை இருப்பது சாட்சியாகாது. அயிரையும் கெண்டையும் எங்கே போச்சு என்று கேளுங்கள்.

செத்த மீனைத் தின்னாதீர்கள், வாத்துக்கும் போடாதீர்கள். சந்தேகமான தண்ணியில் வெறுங்காலோடு இறங்காதீர்கள்.

"உங்க பூச்சிமருந்துதான் காரணம்!"

இதுவும் சொல்வார்கள். நாம் ஒளிக்க வேண்டாம். நம் வயலிலிருந்து வழிகிற மருந்தும் மீனைக் கொல்லும். எண்டோசல்பானை எத்தனை வருஷம் நாமே தெளித்தோம்! 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்ட பிறகுதான் நின்றது. இன்றைக்கும் டப்பா கழுவுகிற தண்ணியை வாய்க்காலில் ஊற்றுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அதை இன்றோடு நிறுத்துவோம். நகரத்துச் சாக்கடையும் வருகிறது, அதையும் கேட்போம்.

ஆனால் பழியை யார் தலையில் போடுவது என்று சண்டை எதற்கு? மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம் பார்த்தால் தெரிந்துபோகும். வயலுக்குக் கீழே செத்தால் எங்களைப் பிடியுங்கள். சாக்கடை வாய்க்குக் கீழே செத்தால் நகராட்சியைப் பிடியுங்கள். ஆலைக் குழாய்க்குக் கீழே செத்தால் ஆலையைப் பிடியுங்கள். சோதனைக்கு நாங்கள் தயார். நீங்கள் தயாரா?

"ஆலை மூடினா உங்க பிள்ளைங்களுக்கு வேலை போகும்" என்று மிரட்டுவார்கள். ஆலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் அங்கே ஷிப்டுக்குப் போகிறார்கள். சட்டப்படி சுத்திகரிக்கிற ஆலையோடு நமக்குச் சண்டை இல்லை. காசை மிச்சம் பிடிக்க ராத்திரி மழையில் திறந்துவிடுகிறவன் மேல்தான் கோபம். அவன் மிச்சம் பிடிக்கிற காசு நம் நிலத்திலிருந்தும் பழவேற்காட்டு மீனவன் வலையிலிருந்தும் எடுத்தது.

முன்னே போராடியவர்கள்

நாம் தனியாக இல்லை. திண்டுக்கல் பக்கம் தோல் கழிவு கிணறுகளைக் கெடுத்தபோது, ஒரு தொண்டு அமைப்பு 13 கிராமங்களில் இறங்கி ஒவ்வொரு கிணறாகப் பார்த்தது. 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. அந்தக் கணக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 28.8.1996 அன்று வந்த வேலூர் தோல் ஆலை வழக்குத் தீர்ப்பில் அது இடம் பெற்றிருக்கிறது. மாசு செய்தவனே நஷ்டத்தைக் கட்ட வேண்டும் என்ற நீதி நம் நாட்டில் வேரூன்றியது அந்தத் தீர்ப்பில்தான். கிராமத்தில் எண்ணிய கிணற்றுக் கணக்குக்கு அவ்வளவு மரியாதை!

நொய்யலில் என்ன நடந்தது? பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர்ச் சாயக் கழிவுத் தொட்டியாகிப் போனது. அணைத் தண்ணி வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் கொடுமை வந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் 2003-ல் சென்னை உயர் நீதிமன்றம் போனது. விடாமல் நடந்தார்கள். 2011 ஜனவரியில் நூற்றுக்கணக்கான சாய ஆலைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற நிலைக்கு ஆலைகள் வந்தது விவசாயிகள் போராட்டத்தால்தான்.

ஆனால் தாமதத்தின் விலையையும் பாருங்கள். வேலூர்ப் பகுதி விவசாயிகளுக்கு 2001-ல் விதித்த இழப்பீட்டு விஷயத்தில், 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. இருபத்து நாலு வருஷம்! நிலம் கெட்ட பிறகு ஜெயிக்கிற வழக்கு பாதி தோல்விதான். ஓடையில் கொஞ்சமாவது உயிர் மிச்சம் இருக்கும்போதே எழுந்திரிக்கணும்.

நாம் செய்ய வேண்டியது

ஊருக்கு ஒரு ஓடை நோட்டு போடுவோம். தேதி, நேரம், இடம், தண்ணியின் நிறம், வாசனை, செத்த மீன் எத்தனை, என்ன வகை, மழை பெய்ததா எல்லாம் எழுதுவோம். செல்போனில் படம் எடுப்போம். மாசம் ஒரு தடவை விடிகாலையில் உயிரினம் எண்ணுவோம். சொர்ணவாரி, சம்பா, நவரை மூணு பட்டத்துக்கும் மடை திறக்கும் முன் ஒரு தடவை கட்டாயம் பார்ப்போம்.

மீன் செத்தால் உடனே மேலேயும் கீழேயும் சுத்தமான பாட்டிலில் தண்ணி பிடித்து ஐஸில் வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கு அப்போதே எழுத்தில் புகார் கொடுப்போம். நாம் எடுத்த பாட்டில் மட்டும் கோர்ட்டில் நிற்காது. தண்ணீர்ச் சட்டம் 1974, பிரிவு 21-ன்படி வாரியமே முறைப்படி எடுத்து, இரண்டு பங்காக்கி, முத்திரை வைக்கணும். அவர்களை அதே நாள், அதே நேரத்தில் வரவழைக்கத்தான் நம் பாட்டிலும் நோட்டும்.

ஒவ்வொரு ஆலைக்கும் வாரியம் போட்ட நிபந்தனைகளின் பதிவேட்டை, அக்கறை உள்ள எவரும் போய்ப் பார்க்கலாம் என்று அதே சட்டம் பிரிவு 25 சொல்கிறது. போய்ப் பார்ப்போம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம் கட்டி மீன் சோதனை முடிவைக் கேட்போம். 30 நாளில் பதில் தரணும்.

மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையில் தீர்மானம் போடுவோம். மாதம்தோறும் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஓடை நோட்டை ஆட்சியர் மேஜை மேல் வைப்போம். அப்புறமும் அசையாவிட்டால் சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். ஆறு மாசத்துக்குள் போகணும், அதனால் தேதி முக்கியம், நோட்டு முக்கியம்.

எங்கள் கோரிக்கைகள்

1. எங்கள் ஓடைகளையும் ஏரிகளையும் மீன் வாழும் டி வகுப்பில் வைத்துச் சோதனை செய்! ஈ வகுப்புச் சான்றிதழை எங்கள் தலையில் கட்டாதே!

2. ஆலைக் கழிவு நீரில் 96 மணி நேர மீன் சோதனையை ஆலை ஆலையாக நடத்து! முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டு!

3. விடிகாலையிலும் பகலிலும், மழைக்கு முன்னும் பின்னும், விவசாயிகள் முன்னிலையில் தண்ணி எடு!

4. ஏரி, ஓடை வண்டலில் ஈயம், குரோமியம், காட்மியம், துத்தநாகம் எவ்வளவு என்று சோதித்து வெளியிடு! அதுவரை அந்த வண்டலை வயலுக்கு அள்ள அனுமதி கொடுக்காதே!

5. பொன்னேரியிலேயே டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இந்த இரண்டையும் வைத்து ஆரணி ஆறு, கொசஸ்தலை, கும்மிடிப்பூண்டி ஓடைகளில் ஆண்டுதோறும் உயிரினக் கணக்கெடுப்பு நடத்து!

6. பயிரும் மாடும் மீனும் இழந்தவர்களுக்கு மாசு செய்தவனிடமே வசூலித்து இழப்பீடு கொடு!

விவசாயப் பெருமக்களே!

தண்ணி கேட்டுப் போராடிய தலைமுறை நம் அப்பன் தலைமுறை. வந்த தண்ணியில் உயிர் இருக்கா என்று கேட்கிற நிலைமைக்கு நாம் வந்திருக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, மீனவர் வலையும் படகும் கருப்பானதைப் பார்த்தோம். இன்றைக்கு அவர்களுக்கு, நாளைக்கு நமக்கு என்று சும்மா இருந்தால், அந்த நாளைக்கு சீக்கிரமே வந்துவிடும்.

சாதி பார்க்காமல், கட்சி பார்க்காமல், மேட்டு நிலம் பள்ள நிலம் பார்க்காமல் வாருங்கள். உழுகிறவனும் வலை வீசுகிறவனும் ஒரே ஓடையின் பிள்ளைகள். இந்தப் பட்டத்துக்கு மடை திறக்கும் முன்னால் உங்கள் ஊர் ஓடையில் இறங்கி எண்ணுங்கள். எண்ணியதை எழுதுங்கள். எழுதியதைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு வாருங்கள்.

மீன் வாழாத தண்ணியைப் பாசனத்துக்கு ஏற்றது என்று சொல்லாதே!
மீன் சோதனை முடிவை வெளியிடு!
ஓடையைக் காப்போம்! ஏரியைக் காப்போம்! பழவேற்காட்டைக் காப்போம்!
அணி திரள்வோம்! வெல்வோம்!

இப்படிக்கு,
உங்கள் விவசாயிகள் சங்கம்,
பொன்னேரி.